குழந்தைகள் வார்டில் மாணவத் தொண்டர்கள்

மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைக்கு நோய் ஒரு துன்பம். அங்கே கழிக்க வேண்டிய நாட்கள் இன்னொரு துன்பம். ஊசி, கையில் ஏறும் டிரிப்ஸ், பழக்கமில்லாத முகங்கள், பள்ளியும் கூட்டாளிகளும் இல்லாத நீண்ட பகல். இந்த இரண்டாவது துன்பத்துக்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது. கல்லூரி மாணவர்கள் வார்டுக்கு வந்து குழந்தைகளோடு விளையாடுவதும், கதை சொல்வதும், விட்டுப்போன பாடத்தில் உதவுவதும் அதைக் குறைக்கும்.

குழந்தையின் மனநிலையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை மருத்துவ உலகம் தாமதமாகவே உணர்ந்தது. இங்கிலாந்தில் ஒருகாலத்தில் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே வார்டுக்குள் போக முடியும். மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியின் தவிப்பை உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் ஆவணப்படமாக வெளியிட்டார். 1959-இல் அங்கே வெளியான பிளாட் அறிக்கை என்ற அரசுக் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கவும், குழந்தைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்கும் வழிசெய்யவும் பரிந்துரைத்தது. விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு. இந்தியா அதை 1992-இல் ஏற்றது.

நம் அரசு மருத்துவமனைகளில் தாய் பெரும்பாலும் கூடவே இருக்கிறார். ஆனால் அவருக்கு மாற்று ஆள் இல்லை. திருப்பூர் வீரபாண்டி போன்ற பகுதிகளில் இது இன்னும் கடினம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண், பிள்ளையோடு வார்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கிறார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பம் என்றால், ஒத்தாசைக்குப் பாட்டியோ சித்தியோ பக்கத்தில் இல்லை; நர்ஸ் பேசும் தமிழும் சரியாகப் புரியாது. மாணவர் ஒருவர் ஒரு மணி நேரம் குழந்தையோடு அமர்ந்தால், தாய் குளித்துச் சாப்பிட்டு வர முடியும். இந்தி தெரிந்த மாணவரின் உதவி அங்கே இரட்டிப்பாகும்.

இதற்கான அமைப்பு கல்லூரிகளில் ஏற்கெனவே உள்ளது. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும். திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. கல்லூரியின் திட்ட அலுவலர் மருத்துவமனை நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதியைப் பெறுவதுதான் முதல் படி.

வார்டு விளையாட்டுக்குத் தனிப் பயிற்சி தேவை. ஒரு கையில் ஊசிக்குழாய் இருக்கும் குழந்தைக்கு, மற்றொரு கையால் ஆடக்கூடிய ஆட்டமே பொருந்தும். பொம்மைக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி விளையாடும்போது, தனக்கு நடக்கப்போவதைக் குழந்தை புரிந்துகொள்கிறது, பயமும் குறைகிறது. பனியன் கட்டிங் துண்டுகளில் மாணவர்களே பொம்மை தைக்கலாம். ஆனால் ஒருவர் கைபட்ட பொம்மையைத் துவைக்காமல் இன்னொரு குழந்தைக்குத் தரக்கூடாது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் ‘தி லிட்டில் தியேட்டர்’ நாடகக் குழு, பயிற்சி பெற்ற கோமாளிக் கலைஞர்களை வார்டுகளுக்கு அனுப்பியிருக்கிறது. சிரிக்க வைப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதற்கு அது சான்று.

சில விதிகளை மீறவே கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வரக்கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்குச் சாதாரணத் தொற்றும் உயிராபத்தாகலாம். ஒவ்வொரு குழந்தையைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும். தின்பண்டம் கொடுக்கக்கூடாது, அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தை எது என்று மாணவருக்குத் தெரியாது. படம் எடுக்கவோ, நோயைப் பற்றித் துருவிக் கேட்கவோ, ‘சீக்கிரம் சரியாகிவிடும்’ என்று வாக்குக் கொடுக்கவோ கூடாது. மறைவான இடத்தில் குழந்தையோடு தனித்து இருக்கக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவும் பச்சிளங்குழந்தைகள் பிரிவும் தொண்டர்களுக்கு உரிய இடமல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம், சொன்ன நாளில் வருவது. ஐம்பது பேர் ஒருநாள் வந்து பரிசு கொடுத்துப் போவதைவிட, அதே இருவர் வாரந்தோறும் வருவதே குழந்தைக்கு நம்பிக்கை தரும். தேர்வுக் காலத்தில் யார் வருவது என்பதை முறைவைத்து முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இனி வர முடியாத மாணவர், குழந்தையிடம் சொல்லி விடைபெற வேண்டும். பழகிய குழந்தை இறந்துபோக நேரிட்டால் மாணவரும் கலங்கிப்போவார். மனம்விட்டுப் பேச அவருக்குத் திட்ட அலுவலரோ மூத்த செவிலியரோ துணையிருக்க வேண்டும். இந்த ஏற்பாடுகளையும் உறுதிசெய்த பிறகே மாணவர்களை வார்டுக்கு அனுப்ப வேண்டும்.