மலைக்கும் உண்டு விடுமுறை!

ஜப்பான் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தலையில் வெள்ளைத் தொப்பி வைத்தது போல நிற்கும் ஃபுஜி மலைதானே!

2025-ம் ஆண்டு, டோக்கியோவில் உள்ள மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஏப்ரல் மாதம் ஒருநாள் மகன், பேரன், நான் மூவரும் ஃபுஜிக்குக் கிளம்பினோம்.

"உச்சிக்குப் போய்க் கொடி நாட்டணும் தாத்தா!" என்றான் பத்து வயதுப் பேரன்.

பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். கவாகுச்சி ஏரிக்கரையில் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கின. அவற்றுக்குப் பின்னால், 3,776 மீட்டர் உயரத்தில் ஃபுஜி! கோடையில் இந்த மலை பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். குளிர்காலத்தில்தான் காற்று வறண்டு, மலை தெளிவாகத் தெரியும்.

மலைப்பாதை பஸ் 2,305 மீட்டர் உயரத்தில் உள்ள 'ஐந்தாம் நிலையம்' வரை போகும். பனி அதிகமானால் பாதியிலேயே திரும்பிவிடும். அன்று எங்களுக்கு அதிர்ஷ்டம். மேலே போய்ச் சேர்ந்தோம். ஆனால், நடைபாதையை மறித்துத் தடுப்பு வைத்திருந்தார்கள்.

"மலைக்குக் கூட லீவா தாத்தா?" என்றான் பேரன், முகம் வாடி.

ஆமாம்! ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் 10-ம் தேதி வரைதான் ஏறும் காலம். மற்ற மாதங்களில் பாதைகள் மூடப்படும்.

ஏன் தெரியுமா? பனி இறுகிக் கண்ணாடி போல வழுக்கும். மேல்பகுதியில் மரங்களே இல்லை. கால் தவறினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. சறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். வழியில் உள்ள தங்கும் குடில்களும் முதலுதவி நிலையங்களும் மூடியிருக்கும்.

"பத்தே அடி போய்விட்டு வரலாமே!" என்று கையைப் பிடித்து இழுத்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். ஆனால், "மலை எங்கும் ஓடிவிடாது. ஜூலையில் அப்பாவோடு வா" என்று சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. மூடிய மலையில் ஏறிய ஒரு கல்லூரி மாணவர், ஏப்ரல் 22-ம் தேதி ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். நான்கே நாளில், மலையில் விட்டுவந்த செல்போனை எடுக்க மறுபடியும் ஏறினார். மறுபடியும் மீட்க வேண்டியதாயிற்று!

செய்தியைக் கேட்ட பேரன் கொஞ்ச நேரம் யோசித்தான். "காப்பாற்றப் போனவங்களும் அதே பனியில்தானே நடந்திருப்பாங்க தாத்தா?" என்றான்.

எனக்கு வகுப்பறையில் நிற்பது போலிருந்தது. நான் சொல்ல மறந்த பாடத்தை அவனே சொல்லிவிட்டான்!

தெரிந்துகொள்வோம்

* ஃபுஜி ஓர் எரிமலை. கடைசியாக 1707-ல் வெடித்தது.
* 1966-ல் உச்சியில் வீசிய காற்றின் வேகம் விநாடிக்கு 91 மீட்டர்!
* உச்சியில் ஆகஸ்ட் மாதச் சராசரி வெப்பநிலையே சுமார் 6 டிகிரி செல்சியஸ்தான்.
* மலையில் உருகும் பனிநீர் எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, பல ஆண்டுகள் கழித்து அடிவாரத்தில் ஊற்றாக வருகிறது. ஓஷினோ கிராமத்தில் இப்படி எட்டுக் குளங்கள் உள்ளன.
* 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.