பெயரில்லாக் காமிராவின் பிறப்பிடம்

மூடியிருக்கும்போது கோட்டுப் பையில் அடங்கும் தட்டைப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, தோல் துருத்தி விரிந்து, லென்ஸ் முன்னே வந்து நிற்கும். இதுவே மடிப்புக் காமிரா. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் 1950களிலும் ஜெர்மனி இவற்றை ஏராளமாகச் செய்தது. ஆனால் பலவற்றில் செய்தவர் பெயரைக் காண முடியாது. காரணம் வாணிகம்தான். டிரெஸ்டன் நகரின் பால்டா போன்ற தொழிற்சாலைகள் தம் பெயரில் விற்றதோடு, வணிகர்களுக்காகவும் காமிராக்களைச் செய்து கொடுத்தன. நூரம்பர்க் நகரின் போட்டோ போர்ஸ்ட் என்ற விற்பனை நிறுவனம், பால்டா செய்த காமிராக்களை 'ஹாபோ' என்ற பெயரில் விற்றது. வேறு சில எந்தப் பெயருமின்றியே வெளிவந்தன.

அப்படியொன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், முதலில் லென்ஸைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் படிப்பீர்கள். 'காம்பூர்' என்றிருக்கும். பழம்பொருள் விற்பவர்களும் 'காம்பூர் காமிரா' என்று சீட்டு ஒட்டி விலை சொல்கிறார்கள். டயரில் உள்ள பெயரைப் படித்துவிட்டு, லாரியைச் செய்தவர் அவரே என்பது போன்றது இது! காம்பூர் என்பது மியூனிக் நகரின் டெக்கல் நிறுவனம் 1912 முதல் செய்த ஷட்டரின் பெயர். பிராண்டார் என்பதும் ஷட்டரே. பல காமிராத் தொழிற்சாலைகள் ஷட்டரையும் லென்ஸையும் விலைக்கு வாங்கிப் பொருத்தின. ஆகவே 'ஷ்னைடர்', 'ரோடன்ஸ்டாக்' என்ற லென்ஸ் பெயர்களும் நம் கேள்விக்கு விடையாகா.

எனினும் இவ்வுறுப்புகள் காலத்தைச் சொல்லும். துளை எண்கள் 6.3, 9, 12.5, 18 என்று சென்றால் அது பழைய ஜெர்மன் வரிசை. பெரும்பாலும் போருக்கு முற்பட்டது. 5.6, 8, 11, 16 என்பது இன்றும் வழங்கும் வரிசை. அடுத்து, லென்ஸில் ஒரு விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். அது வெண்மையாக இருந்தால் கண்ணாடி பூச்சற்றது. நீலமோ ஊதாவோ தெரிந்தால் பூச்சுள்ளது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஆறு பரப்புகளைக் கடப்பதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒளி வீணாகும். இதைக் குறைக்கும் பூச்சை 1935இல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா கண்டறிந்தார். சாதாரணக் காமிராக்களில் அது பரவியது போருக்குப் பின்னரே.

லென்ஸின் பெயர் தேய்ந்து போயிருந்தாலும் அதன் வகையை அறியலாம். இருட்டறையில் சிறு டார்ச் விளக்கை லென்ஸின் முன் சாய்வாகப் பிடித்து, உள்ளே தெரியும் ஒளிப்புள்ளிகளை எண்ணுங்கள். பிரகாசமான ஆறு புள்ளிகள் மட்டும் இருந்தால், தனித்தனியே நிற்கும் மூன்று கண்ணாடிகள் கொண்ட எளிய லென்ஸ். ஆறுடன் மிக மங்கலான ஏழாவது புள்ளியும் தெரிந்தால், டெஸ்ஸார் வகையாக இருக்கலாம். அதன் பின்பகுதியில் இரு கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒட்டிய பரப்பில் ஒளிவிலகல் எண் சிறிதே மாறுவதால் பிரதிபலிப்பு மங்குகிறது. பொறுமை வேண்டும், முதல் முறையில் எண்ணிக்கை தவறலாம்.

இனி உடலுக்கு வருவோம். எல்லாக் காமிராக்களும் ஒன்றுபோல் தோன்றுவது ஏன்? இயல்பான பார்வைக்கு லென்ஸின் குவியத்தொலைவு, படத்தின் மூலைவிட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். 6 x 9 செ.மீ. எனப்படும் படத்தின் உண்மை அளவு ஏறக்குறைய 56 x 84 மி.மீ.; மூலைவிட்டம் சுமார் 101 மி.மீ. ஆகவே யார் செய்தாலும் பெரும்பாலும் 105 மி.மீ. அல்லது அதையொட்டிய லென்ஸையே பொருத்துவார்கள், துருத்தியின் நீளமும் அதையொட்டியே அமையும். இயற்பியல் கட்டாயப்படுத்திய இடத்தில் செய்தவரின் கைரேகை பதிவதில்லை.

அவர் விருப்பம்போல் செய்யக்கூடிய இடங்களைத் தேடுங்கள். முன்கதவைத் தாங்கும் மடிப்புக் கைகளின் வளைவு, கதவின் சிறு நிறுத்துகால், பின்மூடியின் தாழ்ப்பாள், பிலிம் சுற்றும் திருகின் வரிப்பள்ளங்கள், பிலிமை அழுத்தும் தகட்டின் அச்சு வடிவம் ஆகியவை தொழிற்சாலையின் சொந்த வார்ப்புகள். பெயர் மாறினாலும் இவற்றை மாற்றுவது செலவு. இவற்றை, பெயருள்ள காமிராக்களின் படங்களோடும் அக்கால விலைப்பட்டியல்களோடும் ஒப்பிடுங்கள். ஓர் உறுப்பு மட்டும் ஒத்திருந்தால் அதை நம்ப வேண்டாம். நாலைந்து ஒத்து, அவற்றின் அளவுகளும் பொருந்தினால் பெயரைச் சொல்லத் துணியலாம். தோலுறையிலும் ஒரு கண் இருக்கட்டும். ஜெய்ஸ் ஐகான் நிறுவனம் 520/2 போன்ற மாதிரி எண்களைத் தோலில் அழுத்திப் பதித்தது. சாய்வான ஒளியில் பார்த்தால் தேய்ந்த பதிவும் தெரியும். பெயர் தேடித் தோலை உரித்துவிடாதீர்கள்!

இவ்வளவுக்குப் பின்னும் ஷட்டர் ஒரு காலத்தையும் உடல் வேறொரு காலத்தையும் காட்டினால் திகைக்க வேண்டாம். பழுது பார்த்தவர் எவரோ ஷட்டரை மாற்றியிருக்கலாம். அப்போது உடலின் சான்றையே ஏற்று, சீட்டில் 'பால்டாவாக இருக்கலாம். ஷட்டர் பிற்காலத்தது' என்று எழுதுங்கள். விலை சற்றுக் குறையும்.