ஆற்றுக்கு வைத்தியம் யார் செய்வது?



இந்தப் பகுதியில் வழக்கமாகக் காய்ச்சல், இருமல், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு என்று மனிதருக்கு வரும் நோய்களைப் பற்றித்தான் எழுதுவேன். இம்முறை ஆற்றைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரசருக்கும் ஆத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது. தோட்ட மருந்தகத்துக்கு வரும் வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு, எலிக் காய்ச்சல் இவற்றில் பலவும் தண்ணீர் வழியாக வருபவை. ஆறு கெட்டுப் போனால் அந்தக் கேடு சுற்றிச் சுற்றி நம் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

"இப்போதான் வீட்டுக்கு வீடு பைப்புத் தண்ணி வந்துடுச்சே, ஆறு எப்படிப் போனா நமக்கென்ன?" என்றும் சிலர் சொல்கிறார்கள். இது தவறான எண்ணம். நம் நாட்டில் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்யப்பட்டதுதான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஆலைக் கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்ததால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 இலட்சம் குழாய்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கைக்குழந்தைக்காரர்களும் நோயாளிகளும் வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றார்கள். "தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது சும்மா இல்லை.

ஆறு தரும் நோய்கள்

முதலில் என் வேலைக்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சிறு வெட்டுக் காயத்தில் பட்டால் போதும், எலிக் காய்ச்சல் வரலாம். கண், மூக்கு, வாய் வழியாகவும் அந்தக் கிருமி நுழையும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மஞ்சள் காமாலையாகி, சிறுநீரகமும் கெட்டு, உயிருக்கே ஆபத்து வரும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். 2010 டிசம்பர் முதல் இது அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது.

அதே 2010-இல் பகாங் மாநிலத்தின் லுபுக் யூ என்ற ஆற்றங்கரைப் பொழுதுபோக்கு இடத்தில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணி நடந்தது. அங்கே போய் வந்தவர்களுக்குப் பிறகு காய்ச்சல் கண்டு 8 பேர் இறந்து போனார்கள். எலிக் காய்ச்சலோடு மெலியோடோசிஸ் என்ற இன்னொரு நோய்க் கிருமியும் அங்கே பரவியிருந்தது. இந்தக் கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. இனிப்பு நீர் உள்ளவர்களை இது கடுமையாகத் தாக்கும். நம் தோட்டங்களில் இனிப்பு நீர்க்காரர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே ஆற்றில் இறங்கிய இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "நான் ஆத்துல எறங்கினேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். பூச்சி மருந்து, களைக்கொல்லி, ஆலை இரசாயனம் இவை எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதனால்தான் நஞ்சு ஆற்றில் விழாமல் பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது என்கிறேன்.

ஆறு எப்படி மூச்சுத் திணறுகிறது?

மீன் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்துள்ள பிராண வாயுவைக் கொண்டு. நல்ல ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் அளவுதான் அது இருக்கும். சாக்கடை, சந்தைக் கழிவு, ஆலைக் கழிவு என்று எது ஆற்றில் விழுந்தாலும் நுண்கிருமிகள் அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது தண்ணீரில் உள்ள பிராண வாயுவையும் அவை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் கழிவைத் தின்ன எத்தனை மில்லிகிராம் பிராண வாயு தேவை என்பதைத்தான் அதிகாரிகள் பி.ஓ.டி. என்று கணக்கிடுகிறார்கள்.

சுத்தம் செய்யாத செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய 25,000. எட்டு எங்கே, இருபத்தையாயிரம் எங்கே! அந்தக் காலத்தில் ஆலைக்குக் கீழே இருந்த ஆறுகள் கறுத்து நாறியதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு முடிவு கட்டியது எப்படி என்பது நம் தொழிலோடு சேர்ந்த கதை. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆலைக்கு லைசென்ஸ் வேண்டும், ஆற்றில் விடும் அழுக்கின் அளவுக்குத் தக்கபடி கட்டணமும் கட்ட வேண்டும். முதலில் 1978-இல் 5,000 வரை அனுமதித்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறக்கி, 1984-இல் 100 என்று கொண்டு வந்தார்கள். ஆலைகளும் பெரிய பெரிய குட்டைகளை வெட்டி, கழிவைப் பல வாரம் தேக்கி வைத்து, கிருமிகள் அங்கேயே தின்று தீர்த்த பிறகு வெளியே விடப் பழகிக்கொண்டன. ஆலையும் ஓடியது, தொழிலும் வளர்ந்தது. "ஆத்தப் பாத்தா பொழப்புப் போயிடும்" என்று சொல்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் மட்டும் போதுமா?

போதாது. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கொட்டினார்கள். அதன் ஆவி காற்றில் பரவி, பள்ளிப் பிள்ளைகள் வாந்தியும் மூச்சுத் திணறலுமாகச் சாய்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சட்டம் அப்போதும் இருந்தது. கொட்டிய நேரத்தில் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. 2024-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1 கோடி வெள்ளி வரை உயர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாட்டில் உள்ள ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு அதிகாரியை நிறுத்த முடியுமா? ஆற்றோரத்தில் தினமும் நடக்கிறவர்கள் நாம்தான்.

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை, பிரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போகும் நேரம். பாலத்தடியில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக மல்லாந்து மிதந்தன. தண்ணீர் காப்பி நிறத்தில், புளித்த வாடையோடு வந்தது. பிள்ளைகள் வாளியோடு இறங்கிவிட்டார்கள். ஓர் அம்மா என்னிடமே வந்து, "ஐயா, பாதி மீனு இன்னும் உசுரோட துள்ளுதுங்க. கொழம்பு வச்சா ஒண்ணும் ஆவாதுங்களே?" என்று கேட்டார். "வேணாம்மா. எதனால செத்துச்சுன்னு தெரியாத மீன வாயில வைக்கவே கூடாது" என்று சொல்லி வாளியைக் கொட்டச் சொன்னேன்.

மேலே ஆலைக் குட்டையின் கரை உடைந்திருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் புகார் எழுத ஒருவரும் வரவில்லை. "எம் மவன் அந்த மில்லுலதான் வேல செய்றான் ஐயா. நம்ப வாயில நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கிறதா?" என்றார் ஒரு பெரியவர். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் வீடும் போய்விடும் என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம்.

கடைசியில் கிளைச் செயலாளர் தனி ஆள் பெயர் எதுவும் போடாமல், கிளையின் பெயரிலேயே கடிதம் எழுதினார். என்ன தேதி, எத்தனை மணி, எந்தப் பாலம், எந்தக் கால்வாய், தண்ணீர் என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருந்தது. யாரையும் திட்டி ஒரு வார்த்தை இல்லை. அதிகாரிகள் வந்து தண்ணீர் மாதிரி எடுத்துப் போனார்கள். குட்டையின் கரையும் பிறகு கட்டப்பட்டது. யார் வேலையும் போகவில்லை. தனி ஆளாகச் செய்ய முடியாததைக் கிளையாகச் செய்ய முடிந்தது.

மக்களும் அரசும் சேர்ந்தால்…

சபா மாநிலத்தில் கடசான் டூசுன் மக்களிடம் 'தாகால்' என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஆற்றின் ஒரு பகுதியில் இத்தனை காலம் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்வது. மீன்வள இலாகா இந்த வழக்கத்தைத் தள்ளிவிடாமல், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அதற்குப் பலம் கொடுத்தது. சிவப்பு என்று குறித்த பகுதியில் மீன் பிடிக்கவே கூடாது. மஞ்சள் பகுதியில் ஊர் முடிவு செய்யும் நாளில் மட்டும் பிடிக்கலாம். பச்சைப் பகுதியில் விதிப்படி பிடிக்கலாம். மீறினால் அபராதம். ரானாவ் பக்கத்து மொரோலி ஆற்றில் இன்று மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து மனிதர் காலைக் கடித்து விளையாடுகின்றன. அதைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களால் கம்பத்து மக்களுக்கு வருமானமும் கிடைக்கிறது.

பெட்டாலிங் ஜெயாவில் சுங்கை வே என்ற சிற்றாறு தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓடுகிறது. ஆற்று நீரை ஐந்து தரமாகப் பிரிக்கும் கணக்கில் அது கடைசித் தரமான ஐந்தில் கிடந்தது. 2007 முதல் உலகளாவிய சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பு, ஒரு மதுபான நிறுவனத்தின் அறக்கட்டளை கொடுத்த பணத்தைக் கொண்டு, அரசு இலாகாக்கள், நகராண்மை, பள்ளிக்கூடங்கள், குடியிருப்பாளர்கள் எல்லாரையும் சேர்த்து வேலை செய்தது. ஆறு மூன்றாம் தரத்துக்கு ஏறியது. குடிக்கிற அளவுக்கு வரவில்லை, ஆனால் மீன் வாழ்கிற அளவுக்கு வந்தது.

அரசாங்கத்தின் பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகா 1993-இலேயே 'நமது ஆற்றை நேசிப்போம்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2011-இல் கோலாலம்பூரில் 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டம் தொடங்கி, கிள்ளான், கோம்பாக் முதலிய ஆறுகளில் 110 கிலோமீட்டரைச் சீர்படுத்த முனைந்தார்கள். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் போனால் அழகான ஆற்றங்கரையைப் பார்க்கலாம். ஆனால் மேலே உணவுக் கடை எண்ணெயும் சந்தைக் கழிவும் சாக்கடையில் விழுந்துகொண்டே இருந்தால், கீழே விளக்குப் போட்டு என்ன பயன்? அதனால்தான் அந்தத் திட்டத்திலேயே கரையோரத்து மக்களைப் பழக்குவதற்கென ஒரு பிரிவை வைத்தார்கள். தைப்பூசத்தன்று நம்மவர்கள் குளித்து முடி இறக்கும் பத்து ஆறும் கோம்பாக்கில்தான் போய்ச் சேருகிறது என்பதை நாமும் மறக்கக் கூடாது.

நம் தோட்டத்தில் நாம் செய்யக் கூடியவை

1. மருந்து அடிக்கும் பம்பை ஆற்றிலோ ஓடையிலோ கழுவாதீர்கள். காலி மருந்து டின்னை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். டின்னைத் துளை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடிக்கவே கூடாது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. பழைய கையிருப்பு எங்காவது கிடந்தால் தொடாமல் தகவல் கொடுங்கள்.

2. ஆற்றோரத்தில் மருந்தும் உரமும் போடாத பகுதி இருக்க வேண்டும். 5 மீட்டருக்குக் குறைவான ஓடைக்கு இரு பக்கமும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர் என்று வடிகால் இலாகாவின் வழிகாட்டி சொல்கிறது. 2020 முதல் கட்டாயமாகிவிட்ட மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழும் ஆற்றைக் காக்கச் சொல்கிறது. ஆகவே, "இந்த எடத்துல அடிக்கலாமாங்க?" என்று தண்டலிடம் மரியாதையாகக் கேட்பது உங்கள் உரிமை.

3. மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் ஆற்றைப் பாருங்கள். நிறம், வாடை, நுரை இவற்றை நோட்டில் எழுதுங்கள். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வால் நீண்ட சிறு பூச்சிக் குஞ்சுகள் பல வகையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் பிராண வாயு குறைந்துவிட்டது. பார்த்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகாலைக் கழுவுங்கள். காலில் காயம் உள்ளவர் இறங்க வேண்டாம்.

4. மீன் செத்து மிதந்தாலோ, இரசாயன வாடை அடித்தாலோ கிட்டே போகாதீர்கள், பிள்ளைகளை விலக்குங்கள். தேதி, நேரம், இடம் குறித்து, தூரத்தில் நின்று போனில் படம் எடுத்து, சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் கிளைக்கும் உடனே சொல்லுங்கள். அழுக்கு ஓடிப் போகிற சரக்கு. நாளைக்குச் சொன்னால் ஆற்றில் ஒன்றும் இருக்காது.

5. கருமக்கிரியைக்கும் நேர்த்திக்கடனுக்கும் ஆற்றுக்குப் போகிறோம். பூவையும் சாம்பலையும் ஆறு ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்டிக் பையையும் போத்தலையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் 'நமது ஆறு' என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி கேளுங்கள். இரண்டு பெரியவர்கள், இரண்டு இளைஞர்கள், ஆயாக் கொட்டகையிலிருந்து ஒரு தாயார் என்று ஐந்து பேர் போதும். ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஆறு மாதம் எழுதிய நோட்டோடு போனால் எந்த இலாகா அதிகாரியும் உட்கார வைத்துப் பேசுவார், மானேஜரும் கேட்பார். நோட்டு எழுதுவதில் ஐயம் இருந்தால் மருந்தகத்துக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன்.

அடுத்த இதழில் இனிப்பு நீர் உள்ளவர்கள் காலைப் பராமரிப்பது எப்படி என்று பார்ப்போம். வணக்கம்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்