பெரும்பாடும் கருப்பைக் கட்டியும்

மாதவிலக்கில் அளவுமீறி உதிரம் போவதைப் 'பெரும்பாடு' என்றனர் நம் முன்னோர். பொருத்தமான பெயர்தான்! ஆயினும் அதைப் பற்றி வாய்திறந்து பேச மட்டும் நாம் கற்கவில்லை. பள்ளுருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் குடும்பங்களில் தாயின் நோய் மகனுக்குத் தெரிவதேயில்லை; மகளோ கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இறால் உரிக்கும் கொட்டகையிலோ பிறர் வீட்டு அடுக்களையிலோ நாள் முழுதும் உழைக்கும் பெண், துணி மாற்ற மறைவிடமின்றித் தவிப்பதை யாரிடம் சொல்வாள்? ஆதலால் தோழர்களே, ஆடவரும் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

எது மிகுதி? ஏழு நாளுக்கு மேல் நீடித்தல், ஓரிரு மணி நேரத்துக்கொருமுறை நாப்கின் முழுதும் நனைதல், உதிரம் பெரிய கட்டிகளாக விழுதல். படியேறினால் மூச்சு வாங்குவதும் முகம் வெளுப்பதும் பின்னாலேயே வரும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் இரத்த சோகையுடையோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். கேரளத்தில் 36 பேர். எல்லாருக்கும் காரணம் பெரும்பாடு அன்று. ஆனால் அதைக் கேட்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே.

பெரும்பாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கருப்பைத் தசையில் வளரும் நார்க்கட்டி. டாக்டர் 'ஃபைப்ராய்டு' என்பார். மலையாளத்தில் 'முழ' என்பர். சொல் காதில் விழுந்ததுமே புற்றுநோய் என்று அழுவோர் உண்டு. அச்சம் வேண்டா. இது புற்று அன்று. கட்டிபோல் தோன்றிப் புற்றாக இருப்பது மிக அரிது. தொல்லை தராத கட்டியைத் தொடவே தேவையில்லை. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். பருமனைவிட இடமே முக்கியம். கருப்பையின் உட்புறம் துருத்தி நிற்கும் நெல்லிக்காயளவுக் கட்டி உதிரத்தைக் கொட்டவைக்கும். வெளிப்புறத்தில் தேங்காயளவு வளர்ந்த கட்டி சொட்டுக்கூடக் கூட்டாமலும் இருக்கலாம்.

"கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சொல்வோர் பலர். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேரை 2019இல் விசாரித்தபோது, 13,000 பேருக்கு மேல் கருப்பையை இழந்திருந்தனர். வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் தண்டம் கட்டவேண்டிய நிலை அவர்களுடையது. தேவையற்ற இத்தகைய ஆபரேஷன்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மூன்று மாதத்துள் ஏற்குமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது.

வேறு வழிகள் இல்லையா? உண்டு. 1962இல் ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் வெளியிட்ட டிரானெக்ஸாமிக் அமிலம், உதிரம் போகும் நாட்களில் மட்டும் உண்ணும் மாத்திரை. உதிரப்போக்கைக் கணிசமாகக் குறைக்கும். இரத்தக் குழாயில் உறைகட்டி வந்தவருக்கு ஆகாது. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஆண்டுக்கணக்கில் பயன் தரும். கட்டி கருப்பையின் உள்ளறையை உருக்குலைத்திருந்தால் அது நில்லாமல் போகலாம். உட்புறக் கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே கருவி செலுத்திச் சீவி எடுக்கலாம். தமனி வழியே நுண்துகள் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தை அடைக்கும் முறையைப் பாரிஸ் நகரின் ரவீனா குழுவினர் 1995இல் அறிவித்தனர்.

கருப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றும் ஆபரேஷனுக்கு லண்டனில் வாதாடியவர் விக்டர் பானி. நார்க்கட்டியால் அவர் மனைவியே இளமையில் கருப்பையை இழந்தவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இம்முறையில் கட்டி மீண்டும் முளைக்கலாம் என்பது உண்மை. பிற வழிகள் பயனளிக்காதபோது, குழந்தை வேண்டாத பெண் தெரிந்து விரும்பிக் கேட்டால், கருப்பை நீக்கமும் நல்ல சிகிச்சையே. தெரிந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இங்கு டாக்டர் மலையாளத்தில் பேசுவார். அம்மாவுக்குப் பாதி புரியும். உடன்செல்லும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். கூசாமல் கேளுங்கள்: கட்டி எந்த இடத்தில்? ஹீமோகுளோபின் எவ்வளவு? மருந்தால் பார்க்கலாமா? கருப்பையை எடுப்பதானால் சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா? இளவயதில் அவற்றையும் எடுத்தால் எலும்பு தேயும்.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்தால், கருப்பையின் உட்தோலைச் சோதிப்பது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், பழைய கட்டிதான் என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.