ஒத்த வால்வைத் தேர்தல்

நிகண்டு ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தரினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஆராயாது வைப்பின் செய்யுள் சிதையுமென்று வகுப்பிற் கூறுவோம். எம்மிடம் கற்றோர் பலர் பொறுப்பேற்றுள்ள ஆலைகளின் வால்வுகளுக்கும் இஃது ஒக்கும்.

1855 இல் சிக்காக்கோவில் தோன்றிய கிறேன், 1950 இல் மொன்றியலில் தோன்றிய வெலான், 1951 இல் யப்பானில் தோன்றிய கிற்ஸ் ஆகியன இத்துறையிற் பெயர்பெற்றவை. ஒன்றன் வால்வு கிடையாவிடத்து மற்றொன்றனதை ஏற்கலாமா? பெயரை விடுத்து நான்கினை நோக்குவோம்.

முதலாவது அளவு: இருபுற விளிம்புகளுக்கு இடைப்பட்ட நீளமும், ஆணித்துளைகளும் ஒவ்வாவிடின் வால்வு குழாயிற் பொருந்தாது. இரண்டாவது, உள்ளே செல்லும் பொருள் அரிக்காத உலோகம். மூன்றாவது, வெப்பத்துக்கேற்ற அழுத்தம். அமெரிக்க நியமத்தில் 150 ஆம் வகுப்பினதாகப் பெரிதும் வழங்கும் காபனுருக்கு வால்வு 38 பாகை செல்சியசில் 19.6 பார் தாங்கும். 200 பாகையில் அதன் எல்லை 13.8 பாரே. நான்காவது சோதனைச் சான்று: 38 பாகைக்குரிய அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் உடலையும், 1.1 மடங்கில் அடைப்பையும் சோதித்திருத்தல் வேண்டும்.

விலை இவற்றின் பின்னரே. நீராவிக் குழாயருகே நிற்பவன் ஒரு தொழிலாளி. "ஏறத்தாழ ஒன்றே" என்னும் சொல் அவனுயிரைக் காவாது.