சோடியத்தின் பதினோராவது எலக்ட்ரான்

அடுப்பில் உப்புத் தண்ணீர் சிந்தினால், நீலமாக எரியும் காஸ் சுடர் சட்டென்று மஞ்சளாகிவிடும். அந்த நிறத்துக்கும், சமையல் உப்பில் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற கணக்குக்கும் காரணம் ஒரே எலக்ட்ரான்தான். பள்ளியிலோ முதலாவது ஆய்வகத்துச் சுடர் சோதனை, இரண்டாவது வகுப்பறை இணைதிறன் அட்டவணை. பிள்ளைகளும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று யாரும் சொல்வதில்லை.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் ஒன்றே ஒன்று. எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் மட்டங்கள் வரையறுக்கப்பட்டவை. ஏணியில் இரண்டு படிகளுக்கு நடுவே கால் வைக்க முடியாததுபோல, இரண்டு மட்டங்களுக்கு நடுவே அது நிற்க முடியாது. ஆனால் ஏணிப்படிகளைப் போல இவை சம இடைவெளியில் இல்லை. மேலே போகப்போக நெருங்கும்.

சுடரின் சூட்டில் அந்தப் பதினோராவது எலக்ட்ரான் அடுத்த மட்டத்துக்கு ஏறுகிறது. ஒரு நொடியில் ஏறத்தாழ ஆறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் இறங்கியும் விடுகிறது. அப்போது இரு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், ஒளியாக வெளியேறும். அலைநீளம் 589 நானோமீட்டர், கண்ணுக்கு மஞ்சள். வேறு தனிமத்தில் இடைவெளி வேறு, ஆகவே நிறமும் வேறு.

ஹைடெல்பர்க்கில் பன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் இப்படிப்பட்ட நிறக்கோடுகளை வைத்தே சீசியத்தைக் கண்டுபிடித்தார்கள். கோடுகள் ஏன் வருகின்றன என்று அவர்களுக்குத் தெரியாது. எலக்ட்ரானே 1897-இல்தான் பிடிபட்டது. ஆற்றல் மட்டங்கள் என்ற விளக்கத்தை 1913-இல் நீல்ஸ் போர் தந்தார். அவர் சொன்ன வட்டப்பாதைகள் பின்னாளில் கைவிடப்பட்டன, மட்டங்கள் நிலைத்தன.

இனி அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கு, அதாவது உப்பின் வாய்ப்பாடு. சோடியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரிக்க 5.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். இரண்டாவதைப் பிரிக்க 47.3 வேண்டும், ஏனென்றால் அது நிறைந்த உள்கூட்டில் இருக்கிறது. அதனால் சோடியம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. வெளிக்கூட்டில் 7 வைத்திருக்கும் குளோரின் அந்த ஒன்றை வாங்கி 8 ஆக்கிக்கொள்ளும். ஒன்றுக்கு ஒன்று. மெக்னீசியத்தில் வெளியே 2: முதலாவதுக்கு 7.6, இரண்டாவதுக்கு 15, மூன்றாவதுக்கோ 80. எனவே ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரின். வாய்ப்பாட்டில் கீழே சின்னதாக எழுதும் அந்த 2, இந்த ஆற்றல் கணக்கின் விடை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். உப்பில்தான் சோடியம் அந்த எலக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்துவிட்டதே, பிறகு மஞ்சள் எங்கிருந்து வருகிறது? சுடரில் உப்பு ஆவியாகிப் பிரியும்போது சோடியத்துக்கு அது திரும்பக் கிடைக்கிறது. முழு அணுதான் ஒளிர்கிறது. எலக்ட்ரானை இழந்த அயனியை ஒளிரவைக்க, முழு அணுவுக்கு வேண்டியதைப்போலப் பதினைந்து மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். அடுப்புச் சூடு எட்டாது.

சிவகாசி வாணங்களில் கதை இன்னும் சிக்கலானது. பச்சைக்குப் பயன்பட்ட பேரியம் நைட்ரேட்டில் ஒரு பேரியத்துக்கு இரண்டு நைட்ரேட். பேரியத்தின் வெளிக்கூட்டிலும் இரண்டு எலக்ட்ரான்கள் என்பதால். (பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது.) வானத்தில் பச்சையைத் தருவது முக்கியமாக ஒரு பேரியமும் ஒரே ஒரு குளோரினும் சேர்ந்த மூலக்கூறு. இணைதிறன் அட்டவணைப்படி அது இருக்கவே கூடாது; கொதிக்கும் சுடரில் சிறிது நேரம் இருக்கிறது. நீலத்தைத் தருவதும் ஒரு தாமிரமும் ஒரு குளோரினும் சேர்ந்த மூலக்கூறுதான். அது பேரியம் ஜோடியைவிட எளிதில் உடைந்துபோகும். சூடு குறைந்தால் ஒளி மங்கும், கூடினால் மூலக்கூறு சிதைந்து நிறம் வெளுக்கும். வாணம் செய்பவர்களுக்கு நல்ல நீலம் மிகக் கடினமான நிறமாக இருப்பது அதனால்தான்.