வேலியும் ஒரு பயிரே

உங்களுள் வடக்கிலிருந்து வந்தோர் கிடுகு வேலிக்கும் பனையோலை வேலிக்கும் பழகியவர்கள். ஆண்டுதோறும் வேலி அடைப்பது அங்கே வழமை. கண்டிப் பகுதியிலோ பனை இல்லை. கிடுகு வாங்கிக் கட்டினாலும் இங்குள்ள மழைக்கும் கறையானுக்கும் அது நீண்டகாலம் நின்று பிடிக்காது. முட்கம்பிக்குக் காசு வேண்டும். மரத்தூண் உக்கினால் மறுபடியும் செலவு. அப்படியாயின் எந்த வேலி நமக்கு ஏற்றது?

கையிலுள்ள காசைக் கரைக்காமல், நமக்கு ஏதாவது தரும் வேலியே ஏற்றது. அத்தகையது கிளிசரியா எனப்படும் சீமைக்கிளுவை. சிங்கள அயலவர்கள் இதனை வெட்டமாற என்பர். அப்பெயரிலேயே வேலி இருக்கிறது. 2005ஆம் ஆண்டில் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இது அறிவிக்கப்பட்டது.

நடும் முறை

அயலவரிடம் கேட்டால் கதியால் கிடைக்கும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட, முற்றிய கிளையைத் தெரிவு செய்யுங்கள். கதியால் ஐந்து அல்லது ஆறு அடி நீளமும் ஒன்றரை, இரண்டு அங்குலத் தடிப்பும் உள்ளதாக இருக்கட்டும். அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டுங்கள். அலவாங்கால் ஓர் அடி ஆழத்திற்குக் குழி போட்டு, இரண்டடிக்கு ஒன்றாக நட்டு, மண்ணை இறுக்குங்கள். கதியாலை அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நடுகைக்கு உகந்தது.

கோழியும் ஆடும் நுழையாதிருக்க, கதியால்களுக்கிடையே ஆடாதோடையை நெருக்கமாக நடலாம். அதன் கசப்பினால் ஆடு மாடுகள் அதனைக் கடிப்பதில்லை.

கிடைக்கும் பலன்

கிளிசரியா நைதரசனை மண்ணில் சேர்க்கும் அவரைக் குடும்பத்து மரம். குழையை வெட்டிப் பாத்தியில் பரப்பினால் சில வாரங்களில் உக்கிப் பசளையாகும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. குழையை ஒருநாள் வாடவிட்டு ஆட்டிற்குப் போடலாம். தடி விறகாகும். கதியால் நன்கு வேர்பிடித்தபின் அதில் மிளகுக் கொடியை ஏற்றினால், மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும்.

கவனிக்க வேண்டியவை

பராமரிப்பு குறைவு என்பதற்காகப் பராமரிப்பே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு, மூன்று மாதத்திற்கொரு தடவை கிளைகளை வெட்டவேண்டும். வெட்டாவிட்டால் நிழல் விழுந்து மரக்கறி கெடும். பின்னர் கம்பி கட்டுவதாயின் மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். மரம் பருக்கும்போது கம்பி அதனை அறுக்கும். குரங்கையும் காட்டுப் பன்றியையும் இவ்வேலி தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று முக்கியமானது. நம்மில் பலர் இருப்பது பிறர் காணியில். வேலி நடுவது எல்லை போடுவதற்குச் சமம். எனவே காணிச் சொந்தக்காரரிடம் முதலில் கேளுங்கள். பக்கத்து வளவுக்காரரையும் அழைத்து, அவர் முன்னிலையில் கயிறு பிடித்து நடுங்கள். இன்று ஓர் அரைமணி நேரம் பேசுவது நாளை வரக்கூடிய பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

“சொந்தக் காணி அல்லவே, ஏன் நடவேண்டும்?” என்று சிலர் கேட்கின்றனர். செலவு இரண்டு நாள் உழைப்பு மட்டுமே. பலன் அடுத்த ஆண்டே பாத்தியில் தெரியும். ஊர் திரும்பும் நாள் வந்தால், வேலியை இங்கே விட்டுவிட்டு ஒரு கட்டுக் கதியாலை வெட்டிக்கொண்டு போகலாம். வறண்ட மண்ணிலும் அது தழைக்கும்.